நிமிடத்துக்கு இருபத்தெட்டுச் சுற்று

இரண்டு வருடங்களாக ஒரு பெண்ணின் பாட்டை ஆணின் பாட்டு என்று நம்பிக் கேட்டுக்கொண்டிருந்தவன் நான். நம்பியதோடு நின்றிருந்தால் விஷயம் என் காதோடு போயிருக்கும். அந்த ஆணைப் பற்றி, கேகாலையில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் இருபது நிமிடம் பேசியும் இருக்கிறேன். பேச்சின் முடிவில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்போதெல்லாம் பஸ் நிலையத்தில் அவரைக் கண்டால் பத்திரிகையை முகத்துக்கு நேரே அகல விரித்துக்கொள்கிறேன்.

ஒழுங்காகச் சொல்கிறேன். கரவனெல்லைக்கு மேலே உள்ள ஒரு ரப்பர் தோட்டத்து ஆபிசில் நான் பெரிய கிளாக்கர். மகள் பல்கலைக்கழகத்துக்கென்று மட்டக்களப்புக்குப் போன மாதம், ஜப்பானிலிருந்து வரும் பழைய சாமான்களை விற்கும் கடையொன்றுக்கு மின்விசிறி வாங்கப் போனேன். ரெக்கோர்ட் பிளேயரோடு திரும்பி வந்தேன். அந்த நாட்டு மின்சாரத்துக்கு வோல்ட் குறைவாம். அதனால் இடையில் பொருத்துவதற்கு இரைச்சல் போடும் ஒரு இரும்புப் பெட்டியையும், கேட்காமலேயே மூன்று ஜப்பானிய இசைத்தட்டுகளையும் கடைக்காரர் சேர்த்துத் தந்தார். அந்தத் தட்டுகளில் எல்லாமே மெதுவாக நடந்தது. கலியாணப் பாட்டா கருமாதிப் பாட்டா என்று பிரிக்க முடியவில்லை. ஜப்பானியர்கள் நிதானமான மனிதர்கள் என்ற முடிவுக்கு வந்தேன். நான் படித்திருந்த இரண்டு மூன்று ஜப்பானிய நாவல்களும் அதற்கு ஒத்துழைத்தன.

தமிழ்த் தட்டு அதற்குப் பிறகுதான் வந்தது. பஜாரில் புடைவைக்கடை வைத்திருப்பவர் பின்னறையைத் துப்புரவாக்கியபோது அகப்பட்டதை, இதையெல்லாம் வைத்துப் பார்க்க இந்த ஊரில் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள் என்று என் கையில் திணித்துவிட்டார். உறை இல்லை. நடுவில் இருக்க வேண்டிய பெயர்த்தாளைப் பூச்சி அரித்திருந்தது. பாடியது யார், எந்த ஊர், எந்தக் காலம், ஒன்றும் தெரியாது.

ஊசியை வைத்தேன். ஒரு குரல் வந்தது. நடுவயதைத் தாண்டிய ஆண் என்று முடிவு செய்தேன். அழுது முடித்து, முகம் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து பாடுகிறவர். எதற்கும் அவசரமில்லை. ஒரு சொல்லை எடுத்தால் அதைக் கீழே வைக்க மனமில்லாமல் வைத்தார். வீட்டில் ஒரு ஆள் குறைந்து, சோற்றுப் பானையின் அளவு மாறியிருந்த காலம் அது. அந்த மனிதர் கூடத்தில் வந்து உட்கார்ந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

பாட்டின் சொற்கள் சற்று இடித்தன என்பதை மறைக்கக் கூடாது. தட்டில் இருந்த நாலு பாட்டிலும் தோழியைக் கூப்பிட்டு, அவர் இன்னும் வரவில்லையே என்று கேட்பதுதான் விஷயம். ஒரு பாட்டில் கைவளை கழன்றே விழுகிறது. சாதாரண மனிதன் அந்த இடத்தில் யோசித்திருப்பான். நான் படித்தவன். ஆண் தன்னைப் பெண்ணாகப் பாவித்துக் கடவுளுக்காக ஏங்குகிற நாயகி பாவம் நம் பக்தி மரபில் இருக்கிறதே, அதைக் கொண்டு வளையலை எடுத்து அவர் கையில் திரும்ப மாட்டிவிட்டேன். தான் ஆண் என்ற அகந்தையை இந்தப் பாடகர் எப்படிக் கரைத்துவிடுகிறார் பாருங்கள் என்றுதான் வாசகர் வட்டத்தில் பேசினேன். அதிபர் துடைத்துக்கொண்டது அந்த இடத்தில்தான்.

இத்தனை பக்தி இருந்தும் இரண்டு வருடத்தில் அதை நான் போட்டது ஒன்பது தடவை. கரண்ட் இருந்தால் மழை இரைச்சல். மழை விட்டால் தோட்டத்தில் வேலை. இரண்டும் ஒத்துவந்தால் அந்த மேசையில் என் மனைவி கொப்பிகள் திருத்திக்கொண்டிருப்பாள். அவள் தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. பிளேயரை ஓரமாகத் தள்ளித் தள்ளி, கடைசியில் அது சுவரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

இந்த வருடம் ஊசி தேய்ந்து, பாட்டுக்கு நடுவே பொரிகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. புது ஊசி போட்டு நல்ல நிலைக்குக் கொண்டுவருவதா, விற்றுவிடுவதா என்ற கேள்வி அப்படித்தான் வந்தது. மழை நாளில் ரப்பர் பால் வெட்டு இல்லை; ஆபிசிலும் வேலை இல்லை. இணையத்தில் இந்தப் பிளேயர் நோயாளிகள் கூடும் இடங்களைத் தேடிப் படித்தேன். ஊசியை மட்டும் மாற்றுவது மடத்தனம், ஊசியைத் தாங்கும் கையையும் மாற்ற வேண்டும் என்றார் ஒருவர். கையை மாற்றி ஒலிபெருக்கியை மாற்றாவிட்டால் பாவம் என்றார் இன்னொருவர். கனமான கல்லின் மேல் பிளேயரை வைத்த பிறகுதான் தன் வாழ்க்கையே மாறியது என்று மூன்றாமவர் எழுதியிருந்தார். நான் சமையலறைப் பக்கம் போய் அம்மிக்கல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மனைவி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, ஒன்பது தடவை கேட்டதற்குப் பத்தாவது தடவைக்கென்று ஊசி வாங்கும் ஆளை இப்போதுதான் பார்க்கிறேன், விற்றால் மேசையாவது மிஞ்சும் என்றாள்.

தொலைபேசியில் விளம்பரம் போட்டேன். ஆற்றோரமாக விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர் அழைத்து, அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சிங்களத்தில் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிடத்திலேயே அந்த மனிதரை, அதாவது பாடுகிறவரை, வீட்டை விட்டு அனுப்புவதுபோல் மனம் கெட்டுப்போனது. ஊசி மாற்றினால் எப்படியிருக்கும் என்று கேட்டுத்தான் பார்ப்போமே என்று, பிளேயரைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கரவனெல்லைக்கு பஸ் ஏறினேன். கேஸ் அடுப்பா என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். விளக்கம் சொல்வதைவிட அது சுலபம்.

கரவனெல்லையில் ரேடியோ, டிவி திருத்தும் முஸ்லிம் பெரியவரை எல்லோரும் நானா என்போம். அவர் தட்டைப் போட்டு அரை நிமிடம் கேட்டார். "இந்தாள் ஏன் இப்புடி இழுக்கிறாரு?" என்றார். உருக்கம் நானா என்றேன். அவர் தட்டின் ஓரத்தில் ஒரு சிறு தாளை ஒட்டி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, அது எத்தனை தரம் சுற்றி வருகிறது என்று விரல் விட்டு எண்ணினார்.

"முப்பத்தி மூணு சொச்சம் சுத்தோணும் ஐயா. இது இருவத்தெட்டு." பிறகு பொறுமையாக விளக்கினார். ஜப்பானில் ஒரு பாதிக்கு ஒரு மாதிரி கரண்ட், மறுபாதிக்கு வேறு மாதிரி. இந்த மிஷின் ஓடிய பாதியில் கரண்ட் செக்கனுக்கு அறுபது தரம் துடிக்கும். நம் நாட்டில் ஐம்பதுதான். இரும்புப் பெட்டி வோல்ட்டைக் குறைக்குமே தவிர துடிப்பைக் கூட்டாது. ஆகவே மோட்டார் இங்கே வந்த நாளிலிருந்து மெதுவாகத்தான் சுற்றுகிறது.

சொல்லிவிட்டு, விரல் நுனியால் தட்டை லேசாக உந்தி வேகம் கூட்டிக் காட்டினார். என் பாடகரின் குரல் மேலே போனது, கொஞ்சம் தள்ளாடியது, பெண்ணானது. விரலை எடுத்தார். திரும்ப ஆணானது.

"இது பொம்புளட கொரல் ஐயா. நீங்க ஆம்புளண்டா நெனச்சீங்க?"

தற்காப்புக்கு என்னிடம் இருந்தது ஒன்றுதான். பக்தி மரபில் ஆண்கள் பெண்ணாகத் தம்மைப் பாவித்துப் பாடுவது உண்டு என்று நாயகி பாவத்தை அவருக்கும் எடுத்துச் சொன்னேன். வாசகர் வட்டத்தைவிடக் கவனமாகக் கேட்டார்.

"அப்ப கொரலும் மாறுமா?" என்றார். கிண்டலில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

மோட்டாரின் தலையில் பெல்ட் ஓடும் சின்னப் பித்தளைப் புல்லி ஒன்று உண்டு. அதைவிட மயிரிழை பெரிதாக இன்னொன்றைக் கடைந்து போட்டால் வேகம் சரியாகிவிடும் என்றார் நானா. அதற்கு மேல் புது ஊசியும் வேண்டுமென்றால் கொழும்பிலிருந்து எடுப்பித்துத் தருவதாகச் சொன்னார். அடுத்த வாரத்து வெள்ளிக்கிழமை புல்லி தயாராகியிருந்தது. புதியதையும் பழையதையும் கடதாசியில் மடித்து என் கையில் வைத்தார்.

"இதப் போட்டா உம்மா பாடுவா. பழையதப் போட்டா வாப்பா பாடுவாரு. மனசுக்கு எது சரியோ அத போட்டுக்கோங்க."

மனதுக்கு எது சரி என்றுதான் தெரியவில்லை. விற்றால் அந்த மனிதர் போய்விடுவார். சீராக்கினாலும் போய்விடுவார். ஒன்றுமே செய்யாமல் விட்டால், நாட்டின் மின்சாரக் கோளாறு ஒன்றை ஞானி என்று நம்பி ஒருவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். உலகத்தில் பிறந்தே இருக்காத ஒரு ஆளைப் பிரிய முடியாமல் தவிப்பதற்குத் தமிழில் என்ன பெயர் என்று யோசித்தேன். அகப்பாடலின் எந்தத் துறையிலும் அது அடங்கவில்லை.

வீட்டில் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி பெற்றோர் கூட்டமென்று பாடசாலைக்குப் போயிருந்த சனிக்கிழமை காலையில் பழைய புல்லியையே போட்டு ஊசியை வைத்தேன். குரல் அதே குரல். ஆனால் அவர் வரவில்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் ஒரு பெண் தூக்கக் கலக்கத்தோடு பாடிக்கொண்டிருந்தாள். கண்ணை மூடிப் பார்த்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தேன். நாயகி பாவத்தை நினைத்துப் பார்த்தேன். ஒருமுறை தெரிந்துவிட்டால் காது மறக்காது போலிருக்கிறது. நானாவின் விரல் அவரை அங்கேயே முடித்துவிட்டிருந்தது.

புதிய புல்லியைப் போட்டேன். முதலில் அவள் எங்கேயோ பஸ்ஸுக்கு ஓடுகிறாள் என்று தோன்றியது. இரண்டாவது தடவை கேட்டபோது அவசரம் என்னுடையது என்று பட்டது. மூன்றாவது தடவை, இரண்டு வருடங்களில் முதன்முறையாக, எந்தக் கொள்கையும் இல்லாமல் கேட்டேன். கைவளை கழன்று விழுகிற பாட்டு சோகப் பாட்டே இல்லை. வராத ஆளைத் தோழியோடு சேர்ந்து நையாண்டி செய்கிற பாட்டு. ஒரு இடத்தில் அவள் சிரிப்பை அடக்குவதுகூடக் கேட்டது. நிமிடத்துக்கு இருபத்தெட்டுச் சுற்றில் அந்தச் சிரிப்பு எனக்கு விம்மலாக வந்து சேர்ந்திருக்கிறது. பொரிகிற சத்தத்துக்குப் பின்னால் இன்னும் என்னென்ன சொல்கிறாளோ தெரியவில்லை. யார் இவள்? விற்பதா? இவளை நான் இன்னும் கேட்கவேயில்லையே.

ஞாயிற்றுக்கிழமை விடுதிக்காரர் வந்தார். போட்டுக் காட்டினேன். பாட்டு ஓடும்போது அவர் பிளேயரின் நீள அகலத்தைச் சாணால் அளந்தார். வரவேற்பு மேசையில் வைத்து மேலே ஒரு பன்னச் செடித் தொட்டியை வைக்கப் போவதாகச் சொன்னார். வெள்ளைக்காரர்கள் படம் எடுப்பார்களாம். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, ஓடாமல் இருந்தால் இன்னும் நல்லது, பிள்ளைகள் நோண்ட மாட்டார்கள் என்று சிங்களத்தில் பெருந்தன்மையோடு சொன்னார். அவருடைய கணக்கில் நான் நல்ல விற்பனையாளன். எனக்கோ அந்தப் பெண்ணின் தலையில் தொட்டியை வைப்பதுபோல் இருந்தது. மன்னிக்க வேண்டும் மாத்தயா, கொடுக்க மனமில்லை என்றேன். வந்த பஸ் செலவை நினைத்தோ என்னவோ, தேநீரை இரண்டு கோப்பையாகக் குடித்துவிட்டுப் போனார்.

உடனே நானாவுக்கு அழைத்து, கொழும்பிலிருந்து ஊசியை எடுப்பிக்கச் சொன்னேன். இது தீர்மானமா, இரண்டு வருடம் ஒரு பெண்ணை மீசையோடு வைத்திருந்ததற்குப் பரிகாரமா என்று எனக்கே தெளிவில்லை. ஆனால் மேசை மிஞ்சாது என்பதை மனைவியிடம் சொல்லியாக வேண்டும். காரணமும் சொல்லியாக வேண்டும். அவள் கொப்பிகளை மடியில் அடுக்கி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து, ஜப்பானின் இரண்டு பாதிகள், அறுபது துடிப்பு, ஐம்பது துடிப்பு, பித்தளைப் புல்லி எல்லாவற்றையும் சொல்லி, இறுதியாக, இத்தனை நாளும் பாடியது ஆணல்ல, பெண் என்ற உண்மையை, கொஞ்சம் இடைவெளி விட்டு, வெளியிட்டேன்.

அவள் சிவப்புப் பேனாவை நிறுத்தவில்லை.

"நான் மொதல்லேருந்தே பொம்பளன்னுதாங்க நெனச்சேன். பாவம், அந்தம்மாவுக்கு நல்லா சளி புடிச்சிருக்குன்னு."