முன்கூட்டியே சொன்ன நன்றி

ராயபுரத்தில் எங்கள் கோயிலில் ஞாயிறு பூசை தொடங்கும்முன் அன்றைய பூசைக் கருத்துகளை வாசிப்பார்கள். இறந்துபோன இன்னாருக்காக, காய்ச்சலில் கிடக்கும் இன்னார் குணமடைய, பெற்ற நன்மைக்கு நன்றியாக இன்னார் என்று பெயரும் தெருவும் ஒலிபெருக்கியில் போகும். பூசைக்கு வராமல் எதிரே டீ குடித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் கேட்கும்.

அன்றைக்கு நான் வழக்கம்போலக் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்த வாரம் போகவேண்டிய ஒரு இன்டர்வியூவுக்கான பதில்களை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். "நல்ல வேலை கிடைத்ததற்கு நன்றியாக" என்று உபதேசியார் வாசித்தார். யாரோ கொடுத்துவைத்தவன் என்று நினைத்தேன். அடுத்து அவர் வாசித்தது என் பெயரை.

முன் வரிசையில் அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. முக்காட்டை மட்டும் சரிசெய்துகொண்டார்.

எனக்கு அப்போது வேலை இல்லை. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில், உள்ளே வரும் பெட்டி, வெளியே போகும் பெட்டி என்று எழுதிக்கொண்டிருந்தவன் நான். யார்டு வேலை காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு மாறியபோது அத்தனை பெட்டியையும் பத்திரமாக ஏற்றிக்கொண்டு போனார்கள், என்னை மட்டும் மறந்துவிட்டார்கள். அதன்பிறகு என் மனைவி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போனாள். நான் அவளுக்கு டிபன் கட்டிக்கொடுத்தேன். உப்பு எப்போதும் கூடத்தான் இருந்தது. அவள் ஒன்றும் சொன்னதில்லை.

பூசை முடிந்து வெளியே வந்தால், முற்றத்தில் கருவாடு விற்கும் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். காசிமேட்டுக்காரர். கடற்கரைத் தெருக்களில் அவரைத் தெரியாத வீடு கிடையாது.

"இன்னா தம்பி, வேலை கெடைச்சிட்ச்சாமே! சொல்லவே இல்ல?"

இல்லை அக்கா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவருக்குப் பின்னால் கைகொடுக்க இன்னும் ஆட்கள் நின்றார்கள். அத்தனை மாதமாக என்னைப் பார்த்ததும் செல்போனைப் பார்க்கத் தொடங்கியவர்கள், எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆமாக்கா" என்றேன்.

"அப்டி போடு! உங்கம்மா வேண்டுதல் வீண்போவுமா?" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு பொட்டலம் நெத்திலிக் கருவாட்டை எடுத்து என் கையில் திணித்தார். "யாருக்கோ எட்தாந்தேன். நீ எட்துனு போ. மொதல் சம்பளத்துல எனக்கு ஒரு பொடவை."

முதல் 'ஆமா'தான் கஷ்டம். கோயில் வாசலை அடைவதற்குள் என் பேச்சில் எனக்கு ஏசி அறை வந்துவிட்டது. வாசலைத் தாண்டும்போது வண்டிக்குப் பெட்ரோலும் கம்பெனியே போட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவைக் கேட்டேன். "யம்மா, இன்னா வேலை பண்ணி வச்சிகீற? கெடைக்கணும்னுதானே எழுதிக் குடுக்கணும்?"

"கேட்டுக் கேட்டுத்தாண்டா பாத்தேன். கேட்டா பாக்கலாம்னு வுட்டுடறாரு" என்றார் அம்மா, வெங்காயம் உரித்தபடி. "இப்போ நன்றி சொல்லியாச்சு. இன்னா பண்ணுவாரு? குடுத்துத்தானே ஆவணும்? ஊரு முன்னால சொன்னதாச்சே. அவருக்கும் மானம் கீதுல்ல?"

ஆக, கடவுளின் மானம் என் தலையில் விழுந்தது. என் மானத்தையே காப்பாற்றத் தெரியாதவன் நான்.

கருவாட்டை அம்மா தொக்கு வைத்தார். வெட்கத்தோடு சாப்பிட்டேன், ஆனால் இரண்டாம் முறையும் சோறு வாங்கினேன். மனைவி மட்டும் குனிந்தபடியே ரசம் ஊற்றிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஒரு புதுச் சிக்கல். வேலை கிடைத்தவன் காலையில் வீட்டில் இருக்க முடியாது. தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, எதிர்வீட்டார் பார்க்கும்படி கையை ஆட்டிவிட்டுக் கிளம்புவேன். எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம், கடலரிப்புக்குக் கொட்டிய பாறைகளில் ஒன்றுதான் என் அலுவலகம். கடற்காற்று நன்றாக வந்ததால் ஏசி விஷயத்தில் நான் முழுப் பொய் சொல்லவில்லை. துறைமுகத்துக்குக் காத்திருக்கும் டிரெய்லர்கள் முதுகுக்குப் பின்னால் உறுமும். சாயங்காலம் காலரில் கரி படிந்து வீடு திரும்பும்போது, நிஜமாகவே உழைத்தவன் போலத்தான் இருப்பேன்.

நான் போகவேண்டிய இன்டர்வியூ ஒரு தொண்டு நிறுவனத்தில்; அதற்குப் பயிற்சி கொடுக்க அங்கே என் தோஸ்து வருவான். மணலியில் வேறொரு தொண்டு நிறுவனத்துக்கு ஜீப் ஓட்டுகிறவன். பின் சீட்டில் பேசுவதையெல்லாம் காதில் வாங்கியதால் அந்தத் துறை முழுக்கத் தனக்கு அத்துப்படி என்பான்.

"ஜனங்கன்னு சொல்லாத மாமு. விளிம்புநிலை மக்கள்னு சொல்லு."

"நம்மளத்தானே சொல்றாங்க?"

"நம்மளத்தான். ஆனா நம்ம சொல்றப்போ அவங்களைச் சொல்றமாரி சொல்லணும். சரி, உன் பலவீனம் இன்னா?"

"பிரியாணி."

"டேய்! அளவுக்கு மீறி உழைக்கிறதுதான் என் பலவீனம்னு சொல்லணும்."

"யார்டுல எவனாவது கேட்டா வாயால சிரிக்க மாட்டான்டா."

"இன்டர்வியூல யார்டுக்காரன் இருக்க மாட்டான். நீ சொல்லு."

சொன்னேன். பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த நண்டு ஒன்று இடுக்குக்குள் போய்விட்டது. இப்படியே நிலைத்த வளர்ச்சி, பங்கேற்பு, அதிகாரப்படுத்தல் என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன். அந்த வேலை என்ன என்று மட்டும் யோசிக்கவே இல்லை. கடலோரத் தெருக்களில் வீடு வீடாகப் போய், யாருக்கு மூச்சிரைப்பு, யாருக்குப் பென்ஷன் வரவில்லை, எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பார்த்து உதவி வாங்கித் தருகிற வேலை அது. எனக்குத் தேவை வேலை கூட இல்லை. சொன்ன பொய் உண்மையாக வேண்டும், அவ்வளவுதான்.

இன்டர்வியூ திருவொற்றியூரில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில். உள்ளே போனேன். நடுவில் நிறுவனத்தை நடத்தும் அம்மையார். ஒரு பக்கம் கண்ணாடி போட்ட கணக்கு அதிகாரி. மறுபக்கம் கருவாட்டு அக்கா.

அந்த நிறுவனத்தில் அது வழக்கமாம். தெருவுக்குப் போகிற ஆளை எடுக்கும்போது, அந்தத் தெருக்களிலிருந்து ஒருவரைக் கேள்வி கேட்க உட்கார வைப்பார்கள். ஜீப்பின் பின் சீட்டில் இதை மட்டும் யாரும் பேசவில்லை போலிருக்கிறது.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "கருவாடு எப்டி இருந்திச்சு தம்பி?"

"நல்லா... இருந்திச்சுக்கா."

அம்மையார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?"

"தெரியாம? ஞாயித்துக்கெயம கோயில்ல வேலை கெடைச்சிட்ச்சுன்னு எங்கிட்ட கை குடுத்துச்சே இந்தப் புள்ள. இன்னாபா, அந்த வேலை பத்தலையா? ரெண்டாவதும் கேக்குறியா?"

மனப்பாடம் செய்ததில் ஒரு வார்த்தை வரவில்லை. பங்கேற்பு போய்விட்டது. நிலைத்த வளர்ச்சி போயே போய்விட்டது. அம்மா முன்கூட்டி நன்றி சொன்னதைச் சொன்னேன். கடவுளை மடக்கப் பார்த்ததைச் சொன்னேன். கணக்கு அதிகாரி மூக்கைச் சொறிவது போல வாயை மூடிக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை.

"அது உங்கம்மா சொன்னது. நீ ஏன் ஆமான்னு சொன்ன?"

"எல்லாம் கையக் குடுத்துகினு நின்னாங்கக்கா. இல்லன்னு சொன்னா கைய எட்துப்பாங்க."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்: "சரி, நீ ஒரு வூட்டுக்குப் போற. அடுப்பு எரியல. சாப்ட்டியாம்மான்னு கேக்குற. ஆச்சுப்பான்னு சொல்லுவா. வேற எப்டி சொல்லுவா? நீ இன்னா எழுதிக்குவ?"

பயிற்சியில் இந்தக் கேள்வி இல்லை. "ஒண்ணும் எழுத மாட்டேன்க்கா" என்றேன். "கொஞ்சம் உக்காந்துக்குவேன். என்னாண்ட எத்தினியோ பேர் நின்னுகினே கேட்டுட்டுப் போனாங்க. யாரும் உக்காரல."

சொல்லி முடித்ததும் காது சுட்டது. இப்படியா பேசுவது என்றிருந்தது. அம்மையார் பலவீனத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. கீழே மருந்துக்கடை வாசலில் நின்றபோது, பிரியாணி என்றே சொல்லியிருக்கலாம் போலிருந்தது.

அந்த வாரக் கடைசியில் போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. நான் அப்போது பாறையில், என் ஆபீஸில், இருந்தேன். யாரிடமாவது கத்திச் சொல்லவேண்டும் போலிருந்தது. யாரிடம் சொல்வது? எல்லோரும் ஏற்கெனவே வாழ்த்தியாயிற்று. ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தேன். "இன்னாத்துக்குப்பா, விசேஷமா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். "சும்மா" என்றேன். வாங்கிக்கொண்டு, அதற்குள் ஆபீஸ் விட்டுவிட்டதா என்று கேட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். "அதான் அன்னிக்கே சொன்னேனே" என்று டிவியைப் பார்த்துக்கொண்டே ஒரு லட்டு எடுத்துக்கொண்டார்.

உண்மை தெரிந்ததால் இன்னும் வாழ்த்தாதவள் மனைவி ஒருத்திதான் என்று நினைத்து, அவள் வரும் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் நின்றேன். இறங்கியதும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பஸ் நிறுத்தத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நெசமாவா? மெய்யாலுமே கெடைச்சிட்ச்சா?"

"மெய்யாலுமேதான்."

"அப்பாடா" என்றாள். "கம்பெனில எங்கூடத் தைக்கிற பொண்ணுங்கள்ல ரெண்டு பேர் நம்ம கோயிலு. திங்கக்கெயம போனதும் சுத்திக்கினாங்க. நீ ஆமான்னு சொல்லிட்டு வந்துட்ட. நான் எப்டி இல்லன்னு சொல்றது? எல்லாருக்கும் ஸ்வீட்டு வாங்கிக் குடுத்தேன். தெனமும் ஒண்ணு கேக்கறாங்க, தெனமும் ஒண்ணு சொல்லிகினு வர்றேன்."

அத்தனை நாளும் நான் பாறையில் உட்கார்ந்து என் வெட்கத்தை மட்டும் காற்று வாங்க வைத்திருக்கிறேன். அவள் மெஷினில் உட்கார்ந்து, கேள்விக்கு நடுவே தையல் பிசகாமல், என்னுடையதையும் சேர்த்துச் சுமந்திருக்கிறாள். அவளை எதிரே நின்று பார்க்க முடியவில்லை. பையை வாங்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன்.

"சம்பளம் எவ்ளோன்னாங்க?" என்றாள்.

சொன்னேன்.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நான் இன்னும் கொஞ்சம் ஒசத்திச் சொல்லிட்டேன்யா" என்றாள்.