மார்கெட்டக்காவும் ஏப்பக் குழாயும்

இஞ்சின் தலைமேல் காய்ந்து கிடந்த வெள்ளைப் பொருக்கை மார்கரெட் நகத்தால் சுரண்டினாள். நுனிநாக்கில் வைத்தாள். தூ என்று துப்பிவிட்டு, புடவைக்கு மேல் மாட்டியிருந்த ஆம்பளைச் சட்டையின் கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"உப்பு," என்றாள். "இன்னா நைனா, பானெட்டுக்குள்ள உப்பளம் வச்சிக்கினு கீறியா?"

புயல்காற்றில் வலை இழுத்த மனுஷன் நீலமேகம், ஒரு பெண்பிள்ளையின் நாக்குக்குப் பயந்து செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் கல்லறை எங்கே என்று கேட்டால், "மார்கெட்டக்கா ஷெட்டுக்குப் பக்கத்துல" என்றுதான் வழி சொல்வார்கள். ஊர்வாயில் மார்கரெட் என்ற பெயர் அப்படித் தேய்ந்துவிட்டது. வேறு யாருடைய பெயராவது அப்படித் தேய்ந்திருந்தால் அடிக்கக் கிளம்பியிருப்பார்கள். இவள் ஷெட்டின் தகரத்திலேயே 'மார்கெட்டு ஒர்க்ஸ்' என்று பெயிண்டால் எழுதிவிட்டாள். படகு இஞ்சின், பைக், ஆட்டோ, கார், ஜெனரேட்டர், ஒரு தடவை மாதா கோயில் மணியின் கொக்கிகூட அவள் கைக்கு வந்து போயிருக்கிறது. ஷெட்டை ஆரம்பித்தது புருஷன் தேவதாஸ். அவருக்குக் காட்டுப்பள்ளி கப்பல் கட்டும் இடத்தில் வேலை கிடைத்துப் போனபின் ஷெட் இவளுடையதாயிற்று. "அவரு நட்டு நல்லா கழட்டுவாரு. மாட்டத்தான் மறந்துடுவாரு," என்பாள். அதைப் புருஷன் முன்னாலேயே சொல்வாள். அவரும் சிரிப்பார்.

அடக்கம் கிடக்கம் என்று அவளிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. "என்ன மாதிரி கைகாரி இந்த ஜில்லாவுல கெடையாது, தெரிஞ்சிக்கோ" என்று அவளே சொல்லிவிடுவதால், நாம் சொல்லும் சிரமம் மிச்சம்.

அவள் தண்ணீர் குடிப்பதே ஒரு காட்சி. பித்தளைச் சொம்பைத் தலைக்கு மேல் தூக்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல், நடுவில் மூச்சு வாங்காமல் முழுச் சொம்பும் உள்ளே போகும். தொண்டை ஏறி இறங்கும் சத்தம் ரோட்டுக்குக் கேட்கும். வேலையைத் தொடும் முன் ஒன்று, பாதியில் ஒன்று, முடித்ததும் ஒன்று. "இஞ்சினுக்கு மட்டும் ஊத்திக்கினு இருந்தா நம்ம இஞ்சினு இன்னாத்துக்கு ஆவறது?" என்பாள். காட்டூரிலிருந்து டிராக்டர் கொண்டுவருகிறவர்கள் இதை வேடிக்கை பார்க்கவென்றே நிற்பதுண்டு.

இன்றைக்குக் காலை, நீலமேகத்தின் வெள்ளைக் காரை அவனும் அவன் மச்சான் கங்காதரனும் பாலத்திலிருந்து தள்ளிக்கொண்டு வந்தபோதும் அவள் கையில் சொம்பு இருந்தது. பாதி தூக்கியிருந்தாள். பின்சீட்டிலிருந்து நீலமேகத்தின் மனைவி தேவகி மெல்ல இறங்கினாள். முகம் உப்பியிருந்தது, கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. மார்கரெட் சொம்பை இறக்கி, ஒரு பழைய டயருக்குப் பின்னால் வைத்து, மேலே தட்டு போட்டு மூடினாள். வாசலில் வந்து நின்ற வேலையைப் பார்த்துக் கோபம் போலிருக்கிறது என்று நீலமேகம் நினைத்துக்கொண்டான்.

தேவகிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்தில் சில நாள் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போய் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். முன்பு பஸ்ஸில் போனார்கள். திரும்பி வரும்போது ஒருநாள் கண் இருட்டி, படிக்கட்டருகே சரிந்து விழுந்தாள். அதற்கப்புறம்தான் இருந்த ஒரு படகின் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டு நீலமேகம் இந்தப் பழைய காரை வாங்கினான். பின்சீட்டில் அவள் படுத்துக்கொண்டு வரலாம் என்பதுதான் அவனுக்கு அந்தக் காரின் ஒரே பெருமை. போன மழையில் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போகத் தவறியது. அன்றைக்கு மூச்சுக்கு அவள் பட்ட பாட்டை அவன் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இன்றைக்கு மதியம் அவள் முறை. கார் பாலத்தின் நடுவில் புகை கக்கி நின்றுவிட்டது. குப்பத்திலிருந்த ஆட்டோக்கள் துறைமுக வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு விடியலிலேயே போய்விட்டன.

"சொல்லு நைனா. தண்ணிய எங்க மொண்ட?"

"ஏரியிலதாங்க்கா," என்றான் நீலமேகம். "டப்பாவுல தண்ணி கம்மியா கீதேன்னு ஒரு மக்கு ஊத்துனேன்… ரெண்டு மூணு வாட்டி…"

"அட என் ராசா!"

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் கடல் புகுந்து உப்புக்கரிக்கும் இந்த ஏரியின் கரையில் எந்தக் குப்பத்துக்காரனைக் கேட்டாலும் இதைத்தான் செய்திருப்பான். படகு இஞ்சின் ஒரு பக்கம் கடலை உறிஞ்சி, மறுபக்கம் கடலிலேயே துப்பிவிட்டு, வருஷக்கணக்கில் ஓடுகிறது. அவனுக்குத் தெரிந்த இஞ்சின் அதுதான். நல்ல தண்ணீரோ லாரியில் வருகிறது. அதற்குப் பெண்கள் குடத்தோடு மல்லுக்கு நிற்கிறார்கள். குடிக்கிற தண்ணீரைக் கொண்டுபோய்க் காருக்கு ஊற்றினால் அவனை என்னவென்று சொல்வார்கள்?

"போட்டு துப்பிடுது. காரு துப்பாது, நைனா. ஊத்துன தண்ணியவே சுத்திச் சுத்திக் குடிச்சிக்கினு இருக்கும். உப்பு உள்ளயே குந்திக்கும்," என்றாள் மார்கரெட். "இங்க பாரு, ஏப்பக் குழாய இன்னா பண்ணி வச்சிக்கீற."

இஞ்சின் தலையிலிருந்து தண்ணீர் டப்பாவுக்குப் போகும் சுண்டுவிரல் தடிமனான குழாயைக் காட்டினாள். பாதி இரும்பு, பாதி ரப்பர். இரும்புப் பாதி அரித்து, சல்லடையாகிக் கிடந்தது. இஞ்சினுக்குள் மாட்டிக்கொள்ளும் காற்று வெளியேற இருக்கும் வழி அது. அதற்குப் புத்தகத்தில் வேறு பெயர் இருக்கும். பழவேற்காட்டில் அது ஏப்பக் குழாய். பெயர் வைத்தவள் இவள்.

கங்காதரன் படகு டிரைவர். எதற்கும் அவனிடம் ஒரு யோசனை இருக்கும். "இதுக்குப் போயி பேஜாரா? ரெண்டு முனையிலயும் போல்ட்ட சொருகி கிளிப்ப முடுக்கிட்டா போச்சு. போட்டுல ஓட்ட பைப்ப அப்டித்தான அடைக்கிறோம்? எங்கக்காவுக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாவுதுல்ல," என்றான். கையில் போல்ட்டும் தயாராக வைத்திருந்தான்.

நீலமேகத்துக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அடைத்துவிட்டால் உடனே கிளம்பிவிடலாம்.

"கொழந்தைக்குப் பால குடுத்துட்டு, ஏப்பம் வுடாம வாயப் பொத்திப் படுக்கப் போடுவியாடா?" என்றாள் மார்கரெட். "காத்து தலையில நின்னுக்கும். தண்ணி மேல ஏறாது. அனுப்பம்பட்டு தாண்டறதுக்குள்ள இஞ்சினு வெந்துடும். அப்பால நடுரோட்டுல உங்கக்காவ தோள்மேல தூக்கிக்கினு போவியா, போல்ட்டு?"

அந்த நொடியோடு கங்காதரனுக்குப் போல்ட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. அது வேறு கதை.

பிறகு அவள் தேவகியிடம் திரும்பினாள். குரல் அப்படியே இறங்கியது. "எம்மா தேவகி, நீ அப்பால போயி கல்லறை வாசலாண்ட நெழல்ல குந்து. இங்க ஆயில் நாத்தம். உனுக்கு வாந்தி வரும்."

தேவகி போய் உட்கார்ந்தாள். எலும்புக்கூடு செதுக்கிய கல்தூண்கள் இரண்டு அந்த வாசலில் நிற்கின்றன. ஒல்லாந்தர் எந்த நினைப்பில் செதுக்கினார்களோ, ஆடு மேய்க்கிறவர்கள் அதில் முதுகு சொறிந்துகொள்கிறார்கள். தேவகியும் ஓர் எலும்புக்கூட்டின் காலில் சாய்ந்துகொண்டாள்.

ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கார் இருக்கிறது. சக்கரமில்லை, கதவில்லை, சீட்டில் நண்டுக்கூடை. அதிலிருந்து போன உறுப்புகள் ஏரியைச் சுற்றிப் பல வண்டிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. மார்கரெட் அதன் வயிற்றுக்குள் தலையைவிட்டு, ஒரு குழாயோடு வந்தாள். நாக்கில் வைத்துப் பார்த்தாள். "இது நல்ல தண்ணி குடிச்ச ஒடம்பு," என்றாள். ஒரு முனையை வாளித் தண்ணீரில் அமுக்கி, கட்டைவிரலால் பொத்திக்கொண்டு மறுமுனையில் ஊதினாள். கன்னம் புடைத்தது. குமிழி ஒன்றும் வரவில்லை.

மாட்டுவது பெரிதில்லை. கழற்றுவதில்தான் இருந்தது ஆபத்து. பழைய ரப்பர், குழாய் மாட்டும் இஞ்சின் மூக்கில் உப்போடு உப்பாக ஒட்டிக்கிடந்தது. கங்காதரன் கட்டிங் பிளேயரைப் போட்டு இழுக்கப் போனான். அவன் கையில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. "அந்த மூக்கு அலுமினியம்டா. ஒடஞ்சிதுன்னா கார ஏரியில எறக்கி எறா புடிக்கத்தான் லாயக்கு."

சவரப் பிளேடு ஒன்றை எடுத்தாள். ரப்பரின் முதுகில் நீளவாக்கில் ஒரு கோடு. மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொரு தடவை அதே கோட்டில். வெயில் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது, வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது, அவள் துடைக்கவில்லை. நீலமேகம் எந்தச் சாமியையும் விடாமல் கூப்பிட்டான், மாதாவையும் சேர்த்து. விரல் நுனியால் ரப்பரை அவள் வாழைப்பூ மடல் மாதிரி விரித்தாள். அது தானே கழன்று வந்தது. அலுமினிய மூக்கில் ஒரு கீறல்கூட இல்லை.

"பாத்தியா?" என்றாள். "இந்தக் கைக்குத் தங்கத்துல வளையல் போடணும்."

உள்ளே தங்கிய உப்பை அலச நல்ல தண்ணீர் வேண்டும். அவள் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த குடிதண்ணீர் கேன்களை உருட்டிக்கொண்டு வந்தாள். "அக்கா, குடிக்கிற தண்ணி!" என்று நீலமேகம் பதறினான். "உன் காருக்குப் புத்தி சொல்லணும்ல," என்று சொல்லிவிட்டு ஊற்றினாள். வடித்தாள். மறுபடி ஊற்றினாள். ஒவ்வொரு தடவையும் வடிகிற தண்ணீரில் ஒரு சொட்டு நாக்குக்கு. உப்பு, துப்பு. உப்பு, துப்பு. கடைசியில் துப்பிவிட்டுத் தலையை ஆட்டினாள். அப்புறம் புதுக்குழாயை மாட்டி, கிளிப்பை முடுக்கி, இஞ்சின் சூட்டைத் தணிக்கும் பச்சைக் கூலண்டை ஊற்றினாள். இஞ்சினைப் போடச் சொல்லி, மூடியைத் திறந்தே வைத்தாள்.

இனிமேல் உள்ளே மாட்டிய காற்று வெளியேறக் காத்திருப்பதுதான் வேலை. மார்கரெட் இஞ்சினுக்குத் தண்ணீர் போகும் தடித்த ரப்பர் குழாயை அமுக்கி அமுக்கி விட்டாள். சூட்டைக் காட்டும் முள் ஏறியது. பாதியைத் தொட்டது. பாதியைத் தாண்டியது. டப்பாவுக்குள் தண்ணீர் ஒரு குமிழிகூட விடாமல் அப்படியே குளம்போலக் கிடந்தது.

"வுடு தாயி, வுடு," என்றாள் மார்கரெட் இஞ்சினைப் பார்த்து.

களக்.

ஒரு பெரிய குமிழி. அதன் பின்னால் சின்னச் சின்னதாக ஒரு கூட்டம். டப்பாவில் பச்சைத் தண்ணீர் மளமளவென்று உள்ளே இறங்கியது. முள் திரும்பி வந்து பாதியில் நின்றது. நின்றது நின்றதுதான்.

"வுட்டா பாரு ஏப்பம்!" என்று மார்கரெட் கத்திய கத்தில் கல்லறைச் சுவரிலிருந்த ஆடுகள் ஓடின. நீலமேகம் அழுதுவிட்டான். அவள் அதைப் பார்க்காதமாதிரி மிச்சக் கூலண்டு டப்பாவை அவன் கையில் திணித்தாள். "இத்தத்தான் ஊத்தணும். ஏரி மீனுக்கு. புரிஞ்சிதா?"

தேவகி வந்து மார்கரெட்டின் கரிப்பிடித்த கையைப் பிடித்துக்கொண்டாள். பேச நாக்கு புரளவில்லை. சிறுநீரகம் கைவிட்டதால் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் தண்ணீருக்கு மேல் தேவகி குடிக்கக் கூடாது. அதையும் மடக்கு மடக்காகப் பொழுதுக்கும் வைத்துக் குடிக்க வேண்டும். உதடு வெடித்துக் கிடந்தது. "போய் வாம்மா. நேரத்துக்குப் போயிடுவ," என்றாள் மார்கரெட். அவள் குரலும் கரகரத்தது.

வண்டி கிளம்பியது. அப்போதுதான் நீலமேகத்துக்கு நினைவுக்கு வந்தது. வந்ததிலிருந்து மார்கெட்டக்கா சொம்பைத் தொடவே இல்லை. கேன் கேனாக இஞ்சினுக்கு ஊற்றியவள், அந்த வெயிலில், ஒரு வாய்கூட.

கல்லறை முனையில் வண்டியைத் திருப்பும்போது பக்கக் கண்ணாடியில் பார்த்தான். மார்கரெட் ரோட்டுக்கு வந்து நின்று காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேவகியின் தலை பின்சீட்டில் சாய்ந்து மறைந்ததும் மார்கரெட் விறுவிறுவென்று திரும்பிப் போய் டயருக்குப் பின்னால் குனிந்தாள். தட்டைத் தள்ளிவிட்டு, சொம்பை இரண்டு கையாலும் தூக்கி, அண்ணாந்தாள்.