பகலில் குடித்த தண்ணீர்

பருத்திச் செடியடியில் கால் வைத்ததும் சுருக்கென்றது. முள் என்று குனிந்தேன். சீறல் கேட்டது. கண்ணாடி விரியன் (இதன் விஷம் இரத்தத்தை உறைய விடாது).

பனவடலிசத்திரத்திலிருந்து பஸ்ஸில் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் முழங்கால் வரை வீங்கி, ஈறில் இரத்தம் கசிந்தது. கடிவாயில் என் நாத்தனார் பேச்சியம்மாள் கோயில் புற்றுமண்ணை அப்பியிருந்தாள். நர்ஸ் அதைக் கழுவினார்.

டாக்டர் என் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து வைத்திருந்து, பிறகு சாய்த்துப் பார்த்தார். தண்ணீராக ஓடியது. விஷமுறிவு மருந்தைக் (குதிரை இரத்தத்திலிருந்து எடுப்பது) குளுக்கோஸில் கலந்து ஏற்றினார்கள். மறுநாள் காலை எடுத்த இரத்தம் குழாயில் உறைந்தது. பிழைத்தேன் என்றிருந்தேன்.

"ஏம்மா, ஒண்ணுக்குப் போனியா?"

வார்டு முழுக்கக் கேட்கும்படி கேட்டார் டாக்டர். நான் சுவரைப் பார்த்தேன். அடிவயிற்றைத் தொட வந்தார்; சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானமும் அதே கேள்வி. பேச்சியம்மாள், "நேத்துலயிருந்து இல்லய்யா" என்றாள்.

"விஷம் சிறுநீரகத்தை (சிறுநீரைப் பிரிக்கும் உறுப்பு) அடைச்சிருக்கும். திருநெல்வேலிக்கு அனுப்பணும். பிழைக்கிறது கஷ்டம்."

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வயிறு கல்லாகக் கனத்தது. அதையும் விஷம் என்றே நினைத்தேன். புரண்டேன். ஜன்னல் வெயில் நகரவே இல்லை. எப்போது இருட்டும் என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். எங்கள் ஊரில் பெண்கள் விடியுமுன்னும் இருட்டிய பின்னும்தான் வெளிக்குப் போவோம். பகலில் தண்ணீரே அதிகம் குடிப்பதில்லை. அடக்குவது பழகிப்போனது. முதல் நாள் இரவோ கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்ததால் வெளியே போக முடியவில்லை.

"ஏ மதினி, இருட்டட்டும்னா அடக்கிக்கிட்டுக் கெடக்கிய? பாம்பு விட்டுவச்ச உசுர வெக்கத்துக்குக் குடுக்கப் போறியளாக்கும்!"

சேலையொன்றைக் கட்டிலைச் சுற்றிப் பிடித்தாள். "எல்லாரும் அங்கன திரும்புங்க தாயி" என்று வார்டுக்கே உத்தரவு போட்டாள். நர்ஸ் பாத்திரம் வைத்தார்.

வரவில்லை. வெளிச்சத்தில் உடம்பு இணங்க மறுத்தது. அடக்குகிறேனா, அடைத்துவிட்டதா என்று எனக்கே தெரியவில்லை. அப்போதுதான் பயந்து அழுதேன். நர்ஸ் மூலையிலிருந்த தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். அந்தச் சத்தத்தில் வந்தது.

டாக்டர் பாத்திரத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். "கலங்கலாத்தான் இருக்கு. ஆனா வருதே! திருநெல்வேலிக்குப் போக வேண்டாம். நெறைய தண்ணி குடிம்மா."

கடிபட்டவர்கள் மண் அப்ப வேண்டாம், மந்திரிக்கக் காத்திருக்க வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டாக்டர் எதைக் கேட்டாலும் சொல்லிவிடுங்கள்.

அந்தக் கால் இன்றும் மரத்துப்போகும். உச்சிவெயிலில் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, உடம்பு கூப்பிடக் காத்திருக்கிறேன். அதுவரை எந்த வேலையிலும் கை ஓடாது. கூப்பிட்டதும், எதிரே யார் இருந்தாலும், எழுந்துவிடுகிறேன்.