நீலப் பரலும் பத்தியத் தூளும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. ஜெர்மனியில் இந்த எசன் நகரில் என்னைத் தெரிந்தவர்கள் எப்படியும் சொல்லத்தான் போகிறார்கள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் நெடுங்காலமாக வேலை செய்கிறேன். அங்கே மேலாளர் அம்மாவே என்னோடு யோசித்துத்தான் கதைப்பார். ஆனால் என் வாய் எட்டாத இடமும் ஒன்று இருக்கிறது. அட்லாண்டிக் கடலுக்கு அந்தப் பக்கம், வரைபடத்தில் சுண்டுவிரலை வைத்தால் மறைந்துபோகிற ஒரு கரீபியன் தீவு. அங்கேதான் என் தங்கை வாழ்கிறாள்.

தங்கை என்று பெயருக்குத்தான் சொல்கிறேன். அம்மா இறந்தபோது அவளுக்குத் தன் தலையைத் தானே வாரிக்கொள்ளத் தெரியாது. நான்தான் வளர்த்தேன், நான்தான் ஜெர்மனிக்குக் கூப்பிட்டேன், தாதி வேலை பழக ஆஹென் நகருக்கு அனுப்பியதும் நான்தான். அங்கே பொருளாதாரம் படிக்க வந்திருந்த தீவுக்காரர் ஒருவரைக் கலியாணம் கட்டிக்கொண்டு அவருடைய ஊருக்கே போய்விட்டாள். நான் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். பிறகு அந்த மனிதரோடு கோபமாக இருப்பது பெரிய கஷ்டம் என்று தெரிந்துவிட்டது. என்னை ‘அக்கா’ என்று தமிழில் கூப்பிடுவார்; மிச்சமெல்லாம் ஜெர்மனில்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோன காலத்தில், கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால் முதலில் வாழைப்பழத்திடம்தான் போவார். ஒவ்வொரு சீப்பாகத் திருப்பி, தோலில் ஒட்டியிருக்கும் சின்னத் துண்டில் எந்த நாட்டின் பெயர் இருக்கிறது என்று பார்ப்பார். அவருடைய அப்பா வாழைத்தோட்டக்காரர். ஒரு காலத்தில் சின்னத் தீவுகளின் வாழைப்பழத்துக்கு ஐரோப்பா தனிச் சலுகை கொடுத்ததாம். பெரிய தோட்டங்கள் உள்ள நாடுகள் அதை எதிர்த்து வழக்காட, சலுகை தேய்ந்துபோயிற்று. அப்பாவும் பாதித் தோட்டத்தைக் கைவிட்டார். “ஒருமுறையாவது எங்கள் பெயர் இருக்கும் என்று பார்க்கிறேன் அக்கா” என்பார். எசனில் அவர் அந்தப் பெயரைக் காணவேயில்லை. இப்போது தீவின் வர்த்தக அமைச்சில் வேலை பார்க்கிறார்.

அந்தத் தீவில் வாழையும் இஞ்சியும் சாதிக்காயும் நன்றாக விளையும். மற்றதெல்லாம் கப்பலில் வரவேண்டும். கப்பலில் வருகிற எல்லாவற்றுக்கும் சுங்கத் தீர்வை உண்டு. பால்மா என்ன விலை, குழந்தைக்குக் கட்டும் பம்பேர்ஸ் என்ன விலை என்று தங்கை சொல்லச் சொல்ல எனக்குக் கோபம் ஏறிவிடும். “இது அரசாங்கமா, துறைமுகத்தில் உண்டியல் வைத்த கோயிலா?” என்று அவரிடமே கேட்டேன். அவர் சிரித்தார். தொழிற்சாலை இல்லாத ஊரில் வேறு எங்கே வரி எடுப்பது, ஆஸ்பத்திரிக் கட்டில்கூட அந்தத் தீர்வையில்தான் வாங்கியது என்றார். போதாக்குறைக்கு, ஐரோப்பாவோடு செய்த ஒப்பந்தப்படி ஐரோப்பியச் சாமான்களுக்கான தீர்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவும் வேண்டுமாம். குறைகிற பணத்துக்கு எங்கே போவது என்பதுதான் அவருடைய தலையிடி.

அப்படியிருக்க, நெடுநாள் காத்திருந்த பிறகு தங்கை பிள்ளைத்தாய்ச்சி ஆனாள். நத்தாரை, அதுதான் கிறிஸ்மஸை, ஒட்டிப் பிரசவம். எனக்கோ அதே காலத்தில் முழங்காலில் அறுவைச் சிகிச்சை. நீண்ட விமானப் பயணம் கூடவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அவளுக்கு முதல் பிள்ளை, வயதும் முப்பத்தைந்து தாண்டிவிட்டது, பக்கத்தில் நம்முடைய ஆட்கள் என்று ஒருவரும் இல்லை. யார் பத்தியம் காய்ச்சிக் கொடுப்பது? அந்த நினைப்பு என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

வழி சொன்னதும் தங்கையின் கணவர்தான். வெளிநாடுகளில் இருக்கும் தீவுக்காரர்கள் நத்தாருக்கு வீட்டுக்குப் பரல் அனுப்புவார்கள். பரல் என்றால் இடுப்பளவு உயரமான நீலப் பிளாஸ்டிக் பீப்பாய். அந்தப் பருவத்தில் மட்டும் பரலில் வரும் சாப்பாட்டுச் சாமான்களுக்குத் தீர்வையை அரசாங்கமே விட்டுக்கொடுக்கும். நான் அன்றைக்கே பரல் வாங்கினேன். வரவேற்பறை நடுவில் அது நின்ற மூன்று வாரமும் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அதைச் சுற்றித்தான் நடந்தார்கள்.

இடியப்ப மா, பனங்கிழங்கு ஒடியல் மா, மிளகாய்த்தூள், மஞ்சள் எல்லாம் போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை பெற்றவளுக்கான பத்தியத் தூள். வேர்க்கொம்பு என்கிற காய்ந்த இஞ்சி, மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள் என்று பதமாக வறுத்து, ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றபடியே அரைத்தேன். அடைக்கிற முறை எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலங்கையில் ஊருக்குப் பெட்டி அனுப்பிப் பழகிய கை. கடைப் பொதிகள் இடத்தை அடைக்கும். புதுச் சாமான் என்று தெரிந்தால் கொழும்பில் வரி கேட்பார்கள். ஆகவே எல்லாவற்றையும் பிரித்து வெறும் பொலித்தீன் பையில் கொட்டி, வாயை மெழுகுதிரியில் காட்டி ஒட்டி, பெயர் ஒட்டிய துண்டுகளை எல்லாம் கிழித்துக் குப்பையில் போட்டேன். கடைசியில் என் கணவர் பரலுக்குள் ஏறி நின்று மிதித்து இறுக்கினார். இறங்க முடியாமல் நின்ற மனிதரைத் தூக்கி எடுத்தது தனிக்கதை.

பரல் நல்லபடி போய்ச் சேர்ந்தது. ஒரு பின்னேரம் தங்கை துறைமுகத்திலிருந்து வீடியோவில் வந்தாள்.

“அக்கா, பரலைத் திறந்திட்டினம். மாப் பையளைப் பாத்து என்னெண்டு கேக்கினம். ஒண்டிலயும் பேர் இல்லையே.”

“மாவெண்டு சொல்லன்!”

“சொன்னனான். வெள்ளைத் தூள் கொண்டு வாற எல்லாரும் அப்பிடித்தானாம் சொல்லுறவை.”

உடனே தங்கையின் கணவருக்கு அலுவலகத்துக்குப் போன் எடுத்து, சுங்கத்தில் தெரிந்தவர் யாருக்காவது ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றேன். “அந்தச் சலுகையின் விதிகளை எழுதிய மேசையில் நானும் இருந்தேன் அக்கா. இன்றைக்கு ஒரு போன் அடித்துவிட்டு நாளைக்கு அதே மேசையில் எப்படி உட்காருவேன்?” என்றார். நான் திருப்பிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. எழுதினால் தங்கை வாசிப்பாள்.

கோபத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்யும். அதே மாவில் மிச்சம் என் சமையலறையில் இருந்தது. போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு, பரலைத் திறந்த சுங்க அதிகாரியைப் பார்க்கச் சொன்னேன். என் வயதுப் பெண். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. மாவைக் கொட்டினேன், கொதிநீர் விட்டுக் குழைத்தேன், இடியப்ப உரலில் போட்டுத் தட்டில் பிழிந்து அவித்தேன். அவருக்குப் பின்னால் பரலுக்குக் காத்துநின்ற சனமெல்லாம் எட்டிப் பார்த்தது. அவிந்த இடியப்பத்தை எடுத்துச் சம்பலோடு நான் வாயில் போட்டதும் யாரோ விசிலடித்தார்கள். அதிகாரி சிரித்துவிட்டார். வெள்ளைப் பைகள் எல்லாம் ஒரு பக்கம் போயின.

பிறகு மண்ணிறப் பையைத் தூக்கிக் காட்டினார். இது என்ன?

“மருந்தெண்டு சொல்லு” என்றேன் தங்கையிடம்.

“அக்கா, சாப்பாடெண்டு சொல்லட்டே?”

“ஏன் பொய் சொல்லுவான்? பிள்ளை பெத்தவைக்குக் குடுக்கிற மருந்தெண்டு சொல்லு.”

மிளகும் வேர்க்கொம்பும் கூடிய எதையும் நாங்கள் பெருமையாக அப்படித்தான் சொல்வோம். தங்கை சொன்னாள். அதிகாரியின் சிரிப்பு நின்றது. நத்தார்ச் சலுகை சாப்பாட்டுக்குத்தான். மருந்து என்றால் சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், அதுவும் விடுமுறை முடிந்த பிறகுதான். பை உள்ளே போய்விட்டது. அத்தனை மாவையும் காப்பாற்றிய வாய், தூளை மட்டும் தானே பிடித்துக் கொடுத்தது. அன்று நான் இடியப்பத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். என் பிள்ளை பத்தியம் இல்லாமல் கிடக்கப் போகிறாளே என்று வாய்விட்டு அழுதேன்.

அடுத்த நாள் தங்கையின் கணவர் போன் எடுத்தார். “அக்கா, அந்தத் தூளில் என்னென்ன இருக்கிறது?” சொன்னேன். “இஞ்சி, மஞ்சள், மிளகு எல்லாம் எங்கள் சந்தையிலேயே இருக்கின்றனவே. இதை ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விடவில்லை; வீடியோவில் நான் பார்த்துச் சொல்லச் சொல்ல அவரே தூளைச் செய்யவேண்டும் என்றேன். இஞ்சியைச் சீவி வெயிலில் காயவிட்டார். துண்டு பெரிது என்று ஏசினேன். வறுத்தார், கருகுது, கருகுது என்று இங்கிருந்து கத்தினேன். மல்லியும் சீரகமும் அங்கே கப்பலில் வருபவை. தாங்கள் போட்ட தீர்வையோடு சேர்த்துக் காசு கொடுத்துத் தானே வாங்கினார். அதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரித்தார். நத்தாருக்கு முன்பே, அந்தத் தீர்வைக் கட்டில்களில் ஒன்றில், என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த அன்று அவர் சின்ன மீன் போட்டு வைத்த பத்தியக் கறியைத் தங்கை ஒரு வாய் தின்றாள்.

“எப்பிடியடி?”

“உங்கட கறி மாதிரி இல்லை அக்கா. ஆனால் நல்லாயிருக்கு.”

அது போதும். அன்றைக்கு நான் வயிறார, மனமார இருந்தேன்.

பங்குனி மாதம் என் பெயருக்கு ஒரு பொதி வந்திருப்பதாகச் சுங்கக் கந்தோரிலிருந்து துண்டு வந்தது. பஸ் பிடித்து, ஊன்றுகோலோடு போனேன். இளம் அதிகாரி என் முன்னால் வைத்தே திறந்தார். உள்ளே ஒரு தகரப் பேணி. அதன்மேல் அழகாக ஒட்டிய துண்டில் ஜெர்மனில் உணவு என்று பெரிதாக எழுதி, உள்ளடக்கம் வரிசையாக, உற்பத்தியான நாடு என்ற இடத்தில் தீவின் பெயர். அடியில் சின்ன எழுத்தில்: ‘அக்கா, அறுவைச் சிகிச்சை செய்தவருக்கும் பத்தியம் வேண்டும் என்று தங்கை சொல்கிறாள். உங்களுக்கு யார் காய்ச்சித் தந்தார்கள்?’

யாரும் தரவில்லை. அது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

“விற்கவா, யாருக்காவது கொடுக்கவா?” என்று அதிகாரி கேட்டார். இத்தனை காலமும் எத்தனையோ பெட்டிகள் கட்டியிருக்கிறேன். எல்லாவற்றிலும் வேறு யாருடைய பெயரோதான். என் நீண்ட வாயிலிருந்து இரண்டே சொற்கள்தான் வந்தன.

“இல்லை, எனக்கு.”