பதினோராம் நாள் தூக்கிய குடம்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறும் வீட்டிலேயே பிறந்தவை. ஒவ்வொரு பேறுகாலத்திலும் பதினோராம் நாள் இடுப்பில் தண்ணீர்க் குடம் ஏற்றினேன். இதை நான் சொல்லாத ஆள் ஊரில் இல்லை.

பத்து வருஷமாகத் தும்மினால் சேலை நனைகிறது. போன ஆடியிலிருந்து கீழே ஏதோ முட்டை போல இறங்கி நிற்கிறது. வீட்டில் கண் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. அப்புறம் ஒரு நர்ஸ் பிள்ளை கேள்வி கேட்டு எழுதினாள். எத்தனை பேறு என்றாள். ஆறு என்றேன். கனம் தூக்கினீர்களா என்றாள். விறகுக்கரி சுடும் வேலையில் கரிமூட்டையை ஆள் துணையில்லாமல் லாரியில் ஏற்றியதைச் சொன்னேன். இருமல் உண்டா என்றாள். கரித்தூசியில் இருபது வருஷம் இருமியிருக்கிறேன் என்றேன். வெளிக்கு முக்கித்தான் போவீர்களா என்றாள். காட்டு வேலையில் இருட்டும் வரை அடக்கி வைப்பேன், அதற்கும் பெயரெடுத்தவள் என்றேன். எதற்கும் அவள் மெச்சவில்லை.

"இதெல்லாந்தான் பாட்டி காரணம். ஒவ்வொண்ணும் கொஞ்சங் கொஞ்சமா எறக்கிருச்சு."

சீட்டை மடித்துக் கொடுத்தாள். என் பெருமை முழுவதும் அதில் இருந்தது.

இறங்கியதைத் தாங்க உள்ளே ஒரு வளையம் வைத்தார்கள். இனிமேல் கனம் தூக்கக் கூடாது, மூத்திரத்தை அடக்குவதுபோல் இறுக்கிப் பத்து எண்ணி விட வேண்டும் என்றார்கள். பஸ் பந்தல்குடி சேர்வதற்குள் நாலு தரம் செய்தேன். பக்கத்து சீட்டுக்காரிக்கு ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தால், பேறுகாலத்துக்கு வந்திருக்கிற மகன் வழிப் பேத்தி இடுப்பில் குடத்தோடு நிற்கிறாள். பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள்.

"என்ன அப்பத்தா பாக்குறீக? ஒங்களவிட ஒரு நாளுதான் லேட்டு."

அடுப்படியிலிருந்து மருமகள் சொன்னாள்: "நாஞ் சொன்னாக் கேக்க மாட்டேங்கா அத்தே. ஒங்க பேத்தில்ல."

குடத்தை வாங்கக் கை நீட்டினேன். நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

"கீழ வையி. இப்படித் தூக்கித்தான் எனக்கு எறங்கிப்போச்சு. நான் பாக்கப் போனது கண்ணு இல்ல."

பேத்தி வைத்துவிட்டாள். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். எத்தனை வருஷமாக என்று கேட்டாள். தும்மினால் நனைவது பத்து வருஷமாக என்றேன்.

"எனக்கு நாலு வருசம் அத்தே."

அவளும் பதினோராம் நாள் தூக்கியவள்தான். தூக்கச் சொன்னது நான்.

அன்றைக்கு மிச்சத் தண்ணீரை மகன் பிடித்தான்.

ஊரில் சொன்னதையெல்லாம் ஆள் ஆளாகப் போய்த் திருத்த எனக்குக் கால் ஓடாது. அதனால் எழுத்துக்கூட்டி இந்தத் தாளை எழுதி, பிள்ளை பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டச் சொல்லிப் பேத்தி கையில் கொடுத்தேன்.

"இப்பச் சத்தமா வாசி. ஒங்கம்மாவுக்கும் கேக்கணும்."