சுள்ளானின் இமைமுடி

பொன்னழகுக்கு இடது கண்ணில் இமைமுடி கிடையாது. நோயும் இல்லை, நேர்த்திக்கடனும் இல்லை. எல்லாம் வேலைக்குப் போய்விட்டது.

காரைக்குடியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் அவன் டெக்னீஷியன். நானும் அங்கேதான், ஸ்டோரில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிறவன். அவனுக்குக் கம்பி சுற்றுகிற வேலை. கேட்டதும் மோட்டார் மெக்கானிக் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவன் மாமனாரே அப்படி நினைத்து, பெண் பார்க்க வந்த அன்று வீட்டுத் தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக் கூடத்தில் தயாராக வைத்திருந்தார்.

பொன்னழகு சுற்றுவது தலைமுடியைவிட மெல்லிய செப்புக்கம்பியை, ஊசியைவிட ஒல்லியான கண்ணாடிக் குழாயின் மேல். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு சுற்றின் பக்கத்தில் அடுத்த சுற்றை ஒட்டி உட்காரவைக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் எல்லாம் குப்பைக்கு. முடிந்ததும் அந்தச் சுருள்தான் சென்சார். அந்தக் குழாய்க்குள் துளியிலும் துளியான திரவத்தை விட்டு, ஆள் உயரக் காந்தத்துக்குள் இறக்கி, ரேடியோ அலையை அனுப்பினால், திரவத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரில் கோடு கோடாக எழும்பும்.

இத்தனை சின்னதாக எதற்கடா என்று ஒருநாள் கேட்டேன்.

"கல்யாண மண்டபத்துல ஒரு கொசு பாடுனா யாருக்குண்ணே கேக்கும்? காதுக்குள்ள போயிப் பாடுனா கேக்கும்ல? துளி சின்னதுன்னா அதைக் கேக்குற காதும் சின்னதா இருக்கணும்" என்றான். அன்றைக்கு எனக்கு நன்றாக விளங்கியது. மறுநாள் மறந்துவிட்டது.

கம்பியை நகர்த்த இடுக்கி ஆகாது. மேல்பூச்சு உரிந்துவிடும். பல்குத்தும் குச்சி நுனியில் ஓர் இமைமுடியை ஒட்டி, அதனால்தான் தள்ளுவான். வளையும், கீறாது. அப்படித்தான் இடது கண் இமைமுடி தீர்ந்தது. வலது கண் மைக்ரோஸ்கோப்புக்கு வேண்டிய கண், அதை விட்டுவைத்தான். மனைவி ரோகிணியிடம் கேட்டதற்கு, "நகையக் கேட்டாக்கூடக் குடுத்திருப்பேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். பூனையிடம் போய்க் கையெல்லாம் கீறலோடு வந்தான். ஒருநாள் என் கண்ணையே உற்றுப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தான். அன்றிலிருந்து நான் கூலிங் கிளாஸ் போட ஆரம்பித்தேன்.

இந்த நேரம் பார்த்து எங்கள் விஞ்ஞானி மீனலோசனி, பொங்கல் விடுமுறை முடிந்ததும் இருப்பதிலேயே சின்னதாக ஒரு சுருள் வேண்டும் என்றுவிட்டார்.

மாட்டுப் பொங்கலன்று பொன்னழகு சாக்கோட்டைப் பக்கம் தங்கை சோணையம்மாள் வீட்டுக்குச் சீர் கொண்டுபோனான். அங்கே தொழுவத்தில் நின்றது சுள்ளான். பிறந்தபோது குச்சிக் காலோடு இருந்ததால் வைத்த பெயர். இப்போது அது மஞ்சுவிரட்டுக் காளை, இதுவரை ஒருவன் கையும் அதன் திமிலில் நின்றதில்லை. ஊரெல்லாம் அதன் கொம்பைப் பார்க்கும். பொன்னழகு இமைமுடியைப் பார்த்தான். கறுத்து, நீண்டு, நுனி கூர்ந்து, அப்படி ஒரு முடி. பக்குவமாக ஒன்றைப் பிடுங்கி, வெள்ளைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துத் திரும்பினால், தங்கை புருஷன் சின்னக்கருப்பு பருத்திக்கொட்டை வாளியோடு நிற்கிறான்.

"என்ன மச்சான் புடுங்குனீக?"

"ஒரு முடி மாப்ள. வேலைக்கு."

"எங்காளை முடியில ஒங்களுக்கு என்ன வேலை?"

பொன்னழகு உள்ளதை உள்ளபடி சொன்னான். பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான்.

"இத வச்சுச் செப்புக்கம்பிய இறுக்கிச் சுத்துவேன் மாப்ள. சுத்தி, பெரிய காந்தத்துக்குள்ள இறக்கிருவோம். அப்பறம் அலைய ஏவுனம்னா உள்ள இருக்குறதெல்லாம் ஆட ஆரம்பிச்சுரும்."

வாளி கீழே விழுந்தது. மறுநாள் விட்டு அடுத்த நாள் மஞ்சுவிரட்டு. காளையின் முடி, செப்பு, கட்டு, ஏவல்! நிஜமான செய்வினைக்காரன்கூட இத்தனை விவரமாகச் சொல்ல மாட்டான்.

"எவன் ஏவிவிட்டு வந்தீக மச்சான்?"

சோணையம்மாள் ஓடிவந்தாள். "அண்ணே, அதக் குடுத்துட்டுப் போ."

பொன்னழகு தாளை நீட்டினான். சின்னக்கருப்பு ரெண்டு எட்டுப் பின்னால் போனான். தொட்டால் தனக்கும் ஒட்டிக்கொள்ளுமாம். "புடுங்குனத ஒட்டவா முடியும்? நல்லாக் கேட்டுக்கங்க. எங்காளை பிடிபட்டுச்சுன்னா, துர்கா காதுகுத்துக்கு நீங்க வரவேணாம். மடிக்கு வேற ஆள் பாத்துக்கிறோம்."

துர்கா சோணையம்மாளின் மகள், ரெண்டு வயது. பொன்னழகுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குழந்தைதான் அவனுக்கு எல்லாம். தாய்மாமன் கல்லுக்குண்டாக இருக்கும்போது வேறொருவன் மடியில் வைத்துக் காது குத்தினால், அதன்பிறகு அவன் அந்த ஊர்ப் பக்கம் எந்த முகத்தோடு போவது? என்னிடம் வந்து இதையே மூன்று தரம் சொன்னான். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மனசு ஆறாமல் விடுமுறை நாளிலேயே ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்து சுருளைச் சுற்றினான். சுள்ளானின் முடி அபாரமாக வேலை செய்தது. ஒரு சுற்றுகூட மேலே ஏறவில்லை. அவ்வளவு அழகாக வந்ததைப் பார்த்ததும் அவனுக்கே பயமாகிவிட்டது. "ஒருவேளை இது நெசமாவே செய்வினைதானோண்ணே?" என்று கேட்டான்.

மஞ்சுவிரட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனான். சுள்ளான் பொட்டலில் இறங்கியதும் ஒரு பொடியன் பாய்ந்து திமிலைக் கட்டிக்கொண்டான். பிடி நழுவவில்லை. சின்னக்கருப்பு தலையில் கைவைத்துவிட்டான். பக்கத்தில் பார்த்தால் பொன்னழகைக் காணோம். வேலி தாண்டி உள்ளே குதித்து, "தம்பி, விட்ரு தம்பி, எம் மடி போயிரும்!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறான்.

சுள்ளான் அவனைப் பார்த்தது. முடி பிடுங்கிய ஆளை மறக்குமா? ஒரே திருகு. பொடியன் ஒரு பக்கம் போய் விழுந்தான். காளை பொன்னழகை விரட்டியது. இவன் ஓட, அது விரட்ட, கடைசியில் முட்டித் தூக்கி ஒரு டிராக்டர் டிரெய்லரில் இருந்த வைக்கோலில் போட்டது. தொடை டிரெய்லர் விளிம்பில் அடித்துக் கன்றிவிட்டது.

"மச்சான்!" சின்னக்கருப்பு ஓடிவந்து அவனை அப்படியே கட்டிக்கொண்டான். "எங்காளையக் காப்பாத்திட்டீக!"

அதோடு விடவில்லை. மச்சான் முடி எடுத்துக் கட்டிய கட்டால்தான் காளை தப்பியது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். மறுவாரம் மூன்று காளைக்காரர்கள் ஆராய்ச்சிக்கூட வாசலில் வந்து, எங்கள் மாட்டிலும் ஒரு முடி எடுங்கள் என்று நின்றார்கள். மீனலோசனி அந்தச் சுருளைக் காந்தத்தில் இறக்கிப் பார்த்து, கோடுகள் இத்தனை தெளிவாக வந்ததே இல்லை என்றார். வாசலில் நிற்பவர்கள் யார் என்று கேட்டார். சப்ளையர்கள் என்றேன்.

அந்த வாரமே காதுகுத்து, குலதெய்வக் கோயிலில். பொன்னழகு புது வேட்டி கட்டி மணையில் உட்கார்ந்தான். வேட்டிக்குள் தொடை நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தது எனக்கும் ரோகிணிக்கும் மட்டுமே தெரியும். துர்காவைத் தூக்கி மடியில் வைத்ததுமே அவன் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. மாமன் அழுவதைப் பார்த்த ஆச்சரியத்தில் குழந்தை தான் அழ மறந்துவிட்டது. ஆசாரி ரெண்டு காதையும் குத்தி முடித்தார். தாய்மாமன் பாசத்தைப் பாருங்கள் என்று கூட்டம் உருகியது.

எல்லாரும் பந்திக்குப் போனார்கள். பொன்னழகு மட்டும் மணையைவிட்டு எழுந்திருக்கவில்லை. குழந்தை மடியில் தூங்கியிருந்தது. நான் கைகொடுக்கக் குனிந்தேன்.

"உசுரு போகுதுண்ணே" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "எந்திரிக்க மட்டும் சொல்லாதீக."