ஐந்தாவது ஆள்

காலை நாலரைக்கே இலட்சுமிப்பிள்ளை முற்றத்தில் நடந்தபடி தொலைபேசியில் ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள். மார்கழியில் வாவிப் பக்கமிருந்து வரும் பனி வவுணதீவை மூடிவிடும். ஆளைத் தெரியாது, குரல்தான் கேட்கும். "எழும்பிட்டியா பிள்ள? இண்டைக்கு வாறியா? ஓ… சரி, சரி, நீ படு."

களை பிடுங்கப் பெண்களைக் கூட்டிப்போவது அவள் தொழில். முன்பு இருபது பேர். இப்போது தன்னோடு சேர்த்து நாலு. "வதனி ஜோர்தான்ல தைக்கிறா. கமலா கொழும்பில ஒரு வீட்டில. மற்றவள் உடுப்புக் கடையில நிக்கா, ஃபேன் காத்துக்கு." அந்த ஃபேன் காற்றில் மட்டும் அவளுக்குக் கொஞ்சம் பொறாமை. நாள் முழுக்கக் குனிந்து நின்றால் ஆயிரத்தெண்ணூறு ரூபாய். பக்கத்து வயலில் வரம்பு கட்டும் ஆணுக்கு மூவாயிரம். ஏன் அப்படி என்று பக்கத்து வீட்டில் இருக்கும் நான் கேட்டேன். "அவங்க ஆம்பிளையள், அதுதான்! வேறென்ன வேணும்?" என்று சிரித்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

விழித்துக்கொண்டே கனவு காண்கிறவள். வட்டையில், அதாவது வயல்வெளியில், இறங்கியதும் பழைய இருபது பேருக்கும் வயலைப் பங்கு பிரிப்பாள். "இது வதனிட பங்கு" என்று இடம் விட்டு நகர்வாள். பின்னேரம் பார்த்தால் பயிருக்கு நடுவே களை கீற்றுக் கீற்றாக நிற்கும். அட கடவுளே! பிறகு தானே இறங்கி, இல்லாதவர்களின் பங்கையெல்லாம் பிடுங்குவாள். "என்ன வதனி, அங்க குளிராமே?" என்று பேச்சு வேறு.

நேற்று வயற்காரர் நளீர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "லெச்சுமிக்கா, நாளைக்கு அஞ்சு பேர் இல்லாட்டி வராதீங்க. நான் களைக்கு மருந்தடிச்சிடுவன்." மருந்தடித்தால் இந்தப் போகத்தில் நாலு பேருக்கும் வேலை இல்லை.

இன்று ஐந்தரை வரை அழைத்தும் ஐந்தாவது ஆள் அகப்படவில்லை. வீட்டுக்குள் மகள் தக்ஷாயினி இருந்தாள். அவளுக்குக் கார்மெண்ட் தையல் ஆலையில் இன்றுதான் முதல் நாள். எட்டு மணித்தியால வேலை, மாதச் சம்பளம், பஸ் வாசலுக்கே வரும். முதல் நாளே போகாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

தகப்பனின் பழைய முழுக்கைச் சேட் ஒன்றை கார்மெண்டுக்கென்று போட்டிருந்த உடுப்புக்கு மேல் மாட்டிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். "நான் வட்டைக்கு வாறன்மா. அஞ்சு பேர் சரிதானே."

பனிக்குள் கார்மெண்ட் பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்ததும் இலட்சுமிப்பிள்ளை மகளை இழுத்துக்கொண்டு நடு றோட்டில் போய் நின்றாள். சாரதி பிறேக்கை மிதித்துவிட்டு ஏசினான். ஒரு கையால் பஸ்ஸின் முகப்பை அழுத்திப் பிடித்தபடி, மறு கையால் மகளின் சேட் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.